நீ எழுதிய பிரசுரத்தில் இல்லாத சொல்

ராசா,

உன் துண்டுப்பிரசுரத்தைத் திருத்திவிட்டேன். சாப்பாட்டு மேசையில், வாழைப்பழத் தட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் சனிக்கிழமைகளில் உன்னை முன் வாங்கில் இருத்திப் படிப்பித்தும் ‘உரிமை’க்கு வல்லின றி போட்டிருக்கிறாய். ‘எதிர்ப்பு’ என்பதில் ஒரு ப் விழுந்துவிட்டது. மற்றப்படி நல்ல தமிழ். இங்கே வளர்ந்த பிள்ளை எழுதியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாசித்துக்கொண்டு போகும்போது ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. அதுதான் என்னை ஆகவும் பயப்படுத்தியது.

நீ என்னிடம் இரண்டு உதவி கேட்டாய். பிழை திருத்தச் சொன்னாய். அடியிலே ‘தமிழ்ப் பாடசாலை ஆசிரியை’ என்று போட்டு, என் பெயருக்கு ஓர் இடம் விட்டு, “அதிலை உங்கடை பேரைப் போடுங்கோ அம்மா, சனம் நம்பும்” என்றாய். முதலாவதைச் செய்துவிட்டேன். இரண்டாவதைப் பற்றி நேரே சொல்ல எனக்கு வாய் வராது. உன் அப்பா பகிடியாகச் சொல்வாரே, “உன்ரை கொம்மா எங்கடை ரெண்டு குடும்பத்திலையும் முதல் ஆளாய்ப் பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தவ, வாயை மட்டும் அங்கை விட்டிட்டு வந்திட்டா” என்று. உண்மைதான். வேலை செய்கிற கவுன்சில் அலுவலகத்தில்கூட நான் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துத்தான் தொலைபேசியை எடுப்பேன். ஆகவே இதையும் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டவில்லை. அப்பாவும் வாசிக்கட்டும். வேறு யார் வாசித்தாலும் இனி எனக்குப் பரவாயில்லை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீ குறிபார்த்துச் சுடப் பழகும் அந்தக் கழகம் உனக்கு நல்லது செய்தது. பள்ளிக்கூடத்தில் உன்னைப் பையோடு தள்ளி விழுத்தின காலத்தில் நீ கூனிக்கொண்டு நடந்தாய். குட்மேய்ஸ் ஸ்ரேஷனிலிருந்து வீடு வரைக்கும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வருவாய். பிறகு உன் கூட்டாளி ஒருவன் அந்தக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். சில மாதத்திலேயே முதுகு நிமிர்ந்துவிட்டது. மூச்சை அடக்கப் பழகினாய், கோபத்தை அடக்கப் பழகினாய். முதல் பதக்கம் வந்தபோது அப்பா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். நான் கழற்றவில்லை. கரம் போர்ட் மாதிரி அதுவும் குறி பார்க்கிற ஒரு விளையாட்டு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவராதே என்று மட்டும் சொன்னேன். நீயும் கொண்டுவரவில்லை. அது கழகத்தில் இரும்பு அலுமாரிக்குள்தான் இருந்தது.

போன வருடம் ஸ்கொட்லாந்தில் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் போய்ச் சின்னஞ்சிறு பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற செய்தியை நாம் மூவரும் ஒரே சோபாவில் இருந்துதான் பார்த்தோம். நீ எழுந்து போய்விட்டாய். அதற்குப் பிறகு பெரிய கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தார்கள். இப்போது தேர்தல் முடிந்து புதிய அரசாங்கம் வந்து, மிஞ்சியிருக்கும் சின்னவற்றையும் தடைசெய்வதற்குப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வைக்கப் போகிறார்கள். நீ சுடுவது அந்தச் சின்னதைத்தான். அது போனால் உன் விளையாட்டுப் போய்விடும். உனக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கு விளங்குகிறது. நீ எதிர்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். உன் பெயரில், உன் ஆங்கிலத்தில், உன் எம்.பிக்கு நூறு கடிதம் எழுது. முத்திரை நான் வாங்கித் தருகிறேன்.

ஆனால் கொலின் நம் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார். கழகத்தின் செயலாளர், நல்ல மனிதர். சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிட்டார். உறைப்பில் கண் கலங்கியும் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் பேச வந்ததைப் பேசினார். சுடுகிறவர்கள் எழுதும் கடிதங்கள் எம்.பிமாருக்கு மூட்டை மூட்டையாகப் போகின்றனவாம், அவற்றை இப்போது யாரும் பிரித்தும் பார்ப்பதில்லையாம். மனம் முடிவாகாத எம்.பிமார் சிலருடைய தொகுதிகளில் தமிழ்ச் சனம் நிறைய இருக்கிறதாம், நாங்கள் கொமன்வெல்த் ஆட்கள் என்பதால் எங்களுக்கு வாக்கும் இருக்கிறதாம். “ஓர் அகதி எழுதும் கடிதத்தை அவர்கள் இரண்டு தரம் வாசிப்பார்கள்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, “சாதாரண மக்களிடம் ஆயுதம் இல்லாமல் இராணுவத்திடம் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்களை விட உங்களுக்குத் தெரியும் அல்லவா?” என்று கேட்டார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். நீ அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாய். அவரும் அப்படித்தான் எடுத்திருப்பார்.

அவர் போன பிறகு அப்பா சொன்னதை நீ கேட்டாயோ தெரியாது. “இஞ்சேருமப்பா, அந்த மனுசனுக்கு எங்கடை சோறு பிடிச்சிட்டுதெண்டு நினைச்சன். எங்கடை வோட்டெல்லோ பிடிச்சிருக்கு” என்றார். சிரித்தபடிதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. உங்கடை மகனிடம் சொல்லுங்கோ என்றேன். “பெடியன் ஆசைப்படுறான். கையெழுத்துத்தானே, சொத்தையோ கேக்கிறான்” என்று எழும்பிப் போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை ஆர்ச்வே கோயிலில், முதல் படி என்று போட்டோகொப்பி எடுத்த தாள்களோடு நீ படியடியில் நின்றாய். நான் உள்ளே பூமாலை கட்டுவது போல் இருந்துகொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டனிலிருந்து வருகிற அந்த அன்ரி, என் வகுப்பில் பேரப்பிள்ளையை விட்டிருப்பவ, உன்னைக் கண்டதும் நின்றா.

“ஆர், ரீச்சரின்ரை மகனோ? அம்மாளாச்சி, என்ன மாதிரி வளந்திட்டாய்! என்னப்பு இது?”

“ஒரு கையெழுத்து அன்ரி. துப்பாக்கி விளையாட்டைத் தடைசெய்யப் பாக்கினம். அதை எதிர்த்து எம்.பிக்கு எழுதிறம்.”

“துப்பாக்கியோ? அது படத்திலை வாறதெல்லோ?”

“இது ஸ்போர்ட்ஸ் அன்ரி. ஒலிம்பிக்ஸிலையும் இருக்கு.”

“ஸ்போர்ட்ஸோ? அப்ப நல்லது ராசா. படிக்கிற பிள்ளையளுக்கு ஸ்போர்ட்ஸும் வேணும். எங்கை வைக்கிறது? கொம்மா வைச்சிட்டாவோ?”

“அம்மாதான் தமிழ் பாத்துத் தாறா.”

“பிறகென்ன” என்று சொல்லி, அருச்சனைத் தட்டை உன்னிடம் பிடிக்கத் தந்துவிட்டு, கண்ணாடி போடாமலே கையெழுத்து வைத்தா. அவவுக்குப் பின்னால் நின்றவர்களும் வைத்தார்கள். யாரும் வாசிக்கவில்லை. நீ பொய் சொல்லவில்லை, ராசா. ஒரு சொல்லில்கூட நீ பொய் சொல்லவில்லை. ஆனால் உனக்கும் தெரியாத ஒன்று அங்கே நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

துப்பாக்கி என்பது எங்கள் சொல் இல்லை. அது புத்தகச் சொல், இந்தியப் படச் சொல். யாழ்ப்பாணத்தில் அந்தப் பொருளுக்குப் பெயர் துவக்கு. எங்கள் ஊரில் பிறந்த எவரையும் கேள். துப்பாக்கி என்றால் அவர்களுக்குத் திரையும் மீசையும் ஞாபகம் வரும். துவக்கு என்றால் நாய்கள் குரைப்பதை நிறுத்தியது ஞாபகம் வரும். அந்த அன்ரியின் மூத்த மகனை ஏன் கோயிலில் யாரும் கண்டதில்லை என்று நீ என்னைக் கேட்டதில்லை. அவவுக்கு மூத்த மகன் இல்லை. இருந்தவன்.

உனக்கு இது ஏன் தெரியாது? நீ சின்ன வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் நான் சொல்வதெழுதுதல் வைத்தேன். இந்தியாவிலிருந்து வந்த பாடப்புத்தகம் அது. அதில் துவக்கு என்றால் ‘ஆரம்பி’ என்று பொருள். ‘ஓட்டப் பந்தயத்தைத் துவக்கு’ என்று வாசித்தேன். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண்பிள்ளை பென்சிலைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே போய்விட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் குனிந்து அந்தப் பிள்ளையை வெளியே எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் கொப்பியில் அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ‘தொடங்கு’ என்று எழுதினேன். வீட்டுக்கு வரும் வழியில், “ஏனம்மா அவ ஒளிச்சவ?” என்று கேட்டாய். “அந்தச் சொல் சரியில்லை அப்பு, அது வேண்டாம்” என்றேன். ஐந்து வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் நானும் அப்பாவும் அந்தச் சொல்லை வீட்டுக்குள் பேசியதில்லை. அதை அழித்துவிட்டால் அதற்குப் பின்னால் இருந்ததும் அழிந்துவிடும் என்று நினைத்தோம். அழிந்தது உனக்கு மட்டும்தான். அந்த இடைவெளிக்குள்தான் இன்றைக்குக் கொலின் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இனி உன் பிரசுரத்தின் இரண்டாம் பந்தி. ‘எனது மாமனாரிடம் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அவர் இன்று உயிரோடு இருந்திருப்பார்’ என்று எழுதியிருக்கிறாய். மாமனார் என்றால் பெண் கொடுத்தவர், ராசா. உனக்கு இன்னும் பெண் பார்க்கவில்லை. அதை ‘மாமா’ என்று திருத்தியிருக்கிறேன். ஆனால் அந்த வசனத்தில் சொற்பிழை அது ஒன்றுதான். மிச்சத்தைச் சிவப்பு மையால் திருத்த முடியவில்லை.

என் தம்பியைச் சுட்டுக் கொன்றார்கள் என்று உனக்குச் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. நீ இராணுவம் என்று நினைத்துக்கொண்டாய், இங்கே பிள்ளைகள் எல்லோரும் நினைப்பது போல. இராணுவம் சுட்டுக் கொன்ற ஆட்களும் எங்கள் ஒழுங்கையிலேயே, அந்த ஒடுங்கிய தெருவிலேயே, இருந்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உன் மாமாவைச் சுட்டது ரவி. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவன். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே ரசாயனவியல் கொப்பியைப் பார்த்துப் படித்தவர்கள். என்னிடம் கணக்குச் சொல்லித் தரச் சொல்லி வருவான். நான் குடுக்கிற தேத்தண்ணியை நின்றபடிதான் குடிப்பான், அவ்வளவு வெட்கம். பிறகு அவன் இயக்கத்துக்குப் போனான். நாங்கள் எல்லோரும் அவனை நினைத்துப் பெருமைப்பட்டோம். எங்களுக்காகத்தானே துவக்குத் தூக்கியிருக்கிறான், நல்ல பிள்ளையின் கையில்தானே இருக்கிறது என்று சொன்னோம். நானே சொன்னேன்.

ஒரு காலை, சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் நின்று தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தம்பி குளித்துவிட்டு ஈரத் தலையோடு, கையில் சீப்போடு வெளியே போனான். “ஒருக்கா வா, கதைக்கோணும்” என்றான் ரவி. “பொறு, சேட்டைப் போட்டுக்கொண்டு வாறன்” என்றான் தம்பி. “தேவையில்லை, இப்ப வந்திடலாம்” என்றான். ஒழுங்கை முடக்கில் சத்தம் கேட்டது. சைக்கிள் ரியூப் வெடித்தது என்றுதான் நான் நினைத்தேன். பிறகு ரவி தன் சைக்கிளில் எங்கள் படலையைத் தாண்டிப் போனான். நான் நின்றதைக் கண்டான். எப்போதும் போல மரியாதையாகத் தலையைக் குனிந்தான். குனிந்தபடியே போனான். அந்தக் குனிந்த தலை எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. ஏன் செய்தான்? தம்பி வேறோர் இயக்கத்துக்கு நோட்டீஸ் ஒட்டினான் என்றார்கள். ஒட்டினானோ இல்லையோ, எனக்கு இன்று வரை தெரியாது. ரவியையும் அடுத்த வருடமே வேறு யாரோ நல்ல பிள்ளைகள் சுட்டுவிட்டார்கள். அவனுடைய அம்மாவோடு நான் ஒரே பாயில் இருந்து அழுதிருக்கிறேன்.

இப்போது சொல், ராசா. உன் மாமாவிடமும் ஒரு துவக்கு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? படலையடியில் கூட்டாளியின் குரல் கேட்டதும் ஒருவன் சீப்பைப் போட்டுவிட்டுத் துவக்கை எடுத்துக்கொண்டா போவான்? அப்படிப் போகிறவனாக என் தம்பி மாறியிருந்தால், ரவியின் அம்மாவோடு பாயில் இருந்து அழ ஒரு வருடம் முந்தி நான் போயிருப்பேன், அவ்வளவுதான். எனக்குக் கிடைக்க வேண்டிய தம்பி எந்தக் கணக்கிலும் கிடைக்கவில்லை. நான் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

கொலின் கெட்டவர் என்று நான் சொல்லவே இல்லை. அவர் நல்லவர், நீ நல்லவன், உங்கள் கழகத்தில் எல்லோரும் ஒழுங்காகப் பதிந்து, பூட்டி வைத்து, சட்டப்படி நடக்கிறவர்கள் என்று முதல் பந்தியில் எழுதியிருக்கிறாய். அதை நான் நம்புகிறேன். ஸ்கொட்லாந்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போனவனும் கழகங்களில் இருந்தவன்தான், அவனிடமும் அனுமதிப் பத்திரம் இருந்தது. உன்னை அவனோடு சேர்த்துப் பேசவில்லை, கோபிக்காதே. நல்லவர் கையில் இருக்கிறது என்று சொல்லும் வாயை நான் என்னிடமே கண்டவள். இன்னொரு தரம் அதை ஒரு தாளின் அடியில் எழுதித் தர என்னால் ஏலாது. ஸ்கொட்லாந்துச் செய்திக்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் வகுப்புக் கதவுக்கு நேரே கதிரையைப் போட்டுத்தான் இருக்கிறேன். பின்னாலிருக்கும் பிள்ளைகளுக்கு நான் மறைப்பதால் கரும்பலகை தெரியவில்லை என்று முறைப்பாடு. கதிரையை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. துவக்கோடு வருகிறவனுக்கு முன்னால் ஒரு ரீச்சரும் கதிரையும் எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியாமலில்லை.

நீ என் தம்பியை எடுத்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்களிடம் எல்லாம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, சட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுத ஆள் இருக்கிறது. இல்லாமல் இருந்தது ஒரு செத்த தம்பிதான். அதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த எம்.பியோ அதை இரண்டு தரம் வாசிப்பார், தலையை ஆட்டுவார், போய்க் கையை உயர்த்துவார். ஒழுங்கை முடக்கில் சேட்டுப் போடாமல் கிடந்தவன் துவக்குக்காக வாக்குப் போட்டவனாகிவிடுவான். ராசா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். தாய் பிள்ளையின் காலைப் பிடிக்கக்கூடாது என்பார்கள். பிடிக்கிறேன். அந்த வசனத்தை எடுத்துவிடு. அவனைத் திருப்பித் தா.

நீ எடுக்காமலும் விடலாம். உனக்குப் பதினெட்டு வயது, தோளில் பையைப் போட்டுக்கொண்டு போனால் நான் வாசலை மறிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் வரும், அச்சடித்த பெட்டிகளோடு கொலின் காரில் வருவார் என்று சொன்னாய். நான் அங்கே வந்து சத்தம் போட மாட்டேன். போட எனக்குத் தெரியாது. என் வகுப்புப் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் போய்க் கையெழுத்து வைக்காதீர்கள் என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். நாலு வசனம் எழுதிப் பாடமாக்கியும் பார்த்தேன். முதல் வசனத்தைத் தாண்ட முடியாமல் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

ஆகவே எனக்குத் தெரிந்த வேலையை மட்டும் செய்திருக்கிறேன். பிரசுரத்தை எடுத்துப் பார். நீ துப்பாக்கி என்று எழுதிய இடமெல்லாம் வெட்டி, துவக்கு என்று எழுதியிருக்கிறேன். தலைப்பிலும்தான். தமிழில் அது பிழை இல்லை. அகராதியிலும் இருக்கிறது. உன் பிரசுரத்தை வாசிக்கப் போகிற சனத்தின் சொல் அது, ஆசிரியை என்ற முறையில் அதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். என் பெயருக்கு நீ விட்ட இடத்தை நிரப்பவில்லை, வெட்டவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அன்ரி வருவா. அவவிடம் போ. “அன்ரி, துவக்கைத் தடைசெய்யப் பாக்கினம், அதை எதிர்த்து ஒரு கையெழுத்து வையுங்கோ” என்று அவவின் முகத்தைப் பார்த்துச் சொல். ஸ்போர்ட்ஸ் என்றும் சொல், ஒலிம்பிக்ஸ் என்றும் சொல், ரீச்சரின் மகன் என்றும் சொல். அதற்குப் பிறகும் அவ அருச்சனைத் தட்டை உன்னிடம் தந்துவிட்டுப் பேனாவை வாங்கினால், அந்தத் தாளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவா. அவவின் பெயருக்குக் கீழே என் பெயரையும் போடுகிறேன்.

போக முன்னம் ஒரு தரம் குசினிக்கு வா. நான் நிற்பேன். அந்தச் சொல்லை எனக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பார். உச்சரிப்புச் சரியோ என்று பார்க்க வேண்டும்.

அம்மா